எட்டு மணி என்று போட்டிருந்தால் பத்தரைக்குப் போங்கள்: வாசகர் கேள்வி பதில்

போன இதழின் கடைசிப் பக்கத்தில், "பங்குனி பிறந்தாச்சு, கூத்து, ஆட்டம், கச்சேரி பற்றிக் கேள்வி இருந்தால் அனுப்புங்கள்" என்று இரண்டு வரி போட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பாதி, எங்கே எப்போது என்று கேட்பவை. மீதி சண்டைக்கு வருபவை. இரண்டிலிருந்தும் எடுத்திருக்கிறேன். நீளமாக எழுதியவர்களைச் சுருக்கியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கேள்வி: சார், நான் பெங்களூரில் வேலை செய்கிறேன். வெள்ளிக்கிழமை ராத்திரி ஊருக்கு வந்தால் ஞாயிறு சாயங்காலம் ரயில். சினிமாவுக்குப் போனில் டிக்கெட் போடுவதுபோல, வேலூர்ப் பக்கம் இந்த வாரம் என்ன கூத்து, என்ன கச்சேரி என்று ஒரே இடத்தில் பார்க்க வழி உண்டா? (காட்பாடி வாசகர்)

இல்லை தம்பி. சென்னையில் சபா இருக்கிறது, சபாவுக்கு ஒரு காரியதரிசி இருக்கிறார், அவர் மாதாமாதம் நிகழ்ச்சி நிரல் அச்சடித்து உறுப்பினர் வீட்டுக்கு அனுப்பிவிடுவார். நம் பக்கத்தில் ஆட்டம் வைப்பது ஊர். ஊர் கூடி, பஞ்சாங்கம் பார்த்து, தலைக்கட்டு வரி போட்டு, ஜமாவுக்கு, அதாவது கூத்துக் குழுவுக்கு, தாம்பூலம் கொடுத்து, இத்தனையும் முடிந்த பிறகுதான் நோட்டீஸ் பிரஸ்ஸுக்குப் போகும். கொடியேற்றத்துக்கு நான்கு நாள் முன்னால் சுவரில் ஒட்டினால் அதுவே சீக்கிரம்.

நான் செய்வதைச் சொல்கிறேன். நேராக மைக் செட் கடைக்குப் போவேன். எந்த ஊரில் என்ன நடந்தாலும் குழாய் ஸ்பீக்கர் கட்டாமல் நடக்காது, ஆகவே சவுண்ட் சர்வீஸ்காரருக்குத் தெரியாமல் ஒரு கூத்தும் கிடையாது. எனக்குப் பழக்கமான கடையில், ஈயம் பற்றவைக்கிற மேசைக்குப் பக்கத்தில், அட்டை கிழிந்த நீள நோட்டு ஒன்று கிடக்கும். ஊர்ப் பெயர் போட்டு, "சித்திரை 9 முதல், பாரதம், 4 குழாய், 2 பாக்ஸ், ஜெனரேட்டர் அவங்களது" என்று பென்சிலில் எழுதியிருப்பார். கருமாதி, காதுகுத்து, கும்பாபிஷேகம் எல்லாமே அதே நோட்டில்தான் வரும், அதனால் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். "கர்ண மோட்சம், 1 ராத்திரி" என்று இருந்தால் அது பெரும்பாலும் ஒரு வீட்டுக் காரியம், இறந்தவருக்காக ஆடுவது. அதற்கும் போகலாம், யாரும் தடுக்க மாட்டார்கள், ஆனால் துக்க வீட்டுக்குப் போகிறவராகப் போங்கள், செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முதல் வரிசையில் நிற்காதீர்கள்.

நோட்டீஸ் கையில் கிடைத்தால் மேலே இருக்கும் சாமி படத்தையும் கீழே இருக்கும் உபயதாரர் பட்டியலையும் விட்டுவிட்டு நடுவில் இருக்கும் கட்டத்தைப் பாருங்கள். பகல் ஒரு பக்கம், இரவு ஒரு பக்கம் போட்டு, தேதிவாரியாகக் கதை இருக்கும். உங்களுக்கு வேண்டியது சனிக்கிழமை இரவு என்ன கதை என்பது மட்டும்தான். மறக்காமல் ஊர்ப் பெயரோடு சேர்த்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒரே பெயரில் மூன்று ஊர் இருக்கிற மாவட்டம் நம்முடையது.

கேள்வி: பாரதக் கூத்து எத்தனை நாள் நடக்கும், எந்த நாளுக்குப் போனால் நல்லது? என் மனைவி மதுரைப் பக்கம். வள்ளி திருமணம் நாடகம் நிறையப் பார்த்தவள், கூத்து பார்த்ததே இல்லை. ஒரே ஒரு நாள்தான் அழைத்துப்போக முடியும். (ஆரணி வாசகர்)

பத்து நாளிலும் முடிப்பார்கள், பதினெட்டு நாளும் நடத்துவார்கள், இன்னும் இழுப்பவர்களும் உண்டு. ஊரின் கையிருப்பைப் பொறுத்தது. பங்குனியில் ஆரம்பித்து ஆடி வரைக்கும் வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை மாவட்டங்களில் ஏதாவது ஒரு திரௌபதி அம்மன் கோவிலில் பாரதம் ஓடிக்கொண்டே இருக்கும். வட ஆற்காட்டை 1989இல் இரண்டாக வெட்டினார்கள், வேலூரை 2019இல் மூன்றாக வெட்டினார்கள், ஜமாக்காரர்கள் அதையெல்லாம் கணக்கில் வைத்ததாகத் தெரியவில்லை, வேன் எங்கே போகிறதோ அங்கே ஆட்டம்.

மத்தியான வெயில் இறங்கும் நேரத்தில் பிரசங்கியார் வந்து உட்கார்ந்து வில்லிபாரதம் சொல்வார். பின்பாட்டுக்காரர் ஒருவர் ஆர்மோனியத்தோடு பாட்டை எடுத்துக் கொடுப்பார். அன்று பகலில் சொன்ன கதையைத்தான் அன்று ராத்திரி ஜமா ஆடும். எங்கள் ஊர்க் கிழவிகள் பகலிலும் வருவார்கள், ராத்திரியும் வருவார்கள், பிரசங்கியார் சொன்னதை ஆட்டக்காரன் எங்கே விட்டுவிட்டான் என்று காலையில் குழாயடியில் பேசுவார்கள். அதைவிடக் கறாரான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை, இந்தப் பத்திரிகையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

கதைகள் வில்வளைப்பு, சுபத்திரை கல்யாணம், ராஜசூய யாகம், பகடை துகில் என்று போய், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று முடியும். நடுவில் சில கதைகள் களரியை, அதாவது ஆடுகிற இடத்தை, விட்டு இறங்கித் தெருவுக்கே வந்துவிடும். பகாசுரன் அன்று பீமன் மாட்டு வண்டியில் ஏறி ஊரைச் சுற்றி வருவான், வீட்டுக்கு வீடு சோறும் பழமும் பலகாரமும் வண்டியில் ஏறும், பையன்கள் பின்னாலேயே ஓடுவார்கள்.

ஒரே ஒரு நாள் என்றால் நான் அர்ச்சுனன் தபசைச் சொல்வேன். ஊருக்கு வெளியே திடலில் பனை உயரத்துக்கு ஒரு மரம் நட்டிருப்பார்கள், பக்கவாட்டில் படி அடித்து, உச்சியில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்குப் பலகை வைத்து. அர்ச்சுனன் வேஷக்காரர் ஒரு படிக்கு ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே ஏறுவார். நான் கடைசியாகப் பார்த்தவருக்கு அறுபது வயதுக்குக் குறையாது. பாதி உயரத்தில் காற்று வீசியபோது மரம் லேசாக அசைந்தது, மத்தளக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார், மேலே இருந்தவர் பாட்டை மட்டும் நிறுத்தவில்லை. உச்சிக்குப் போனதும் மடியிலிருந்து எலுமிச்சம்பழம், பூ, விபூதி எல்லாவற்றையும் நாலு திசைக்கும் வீசினார். கீழே குழந்தை வேண்டி வந்த பெண்கள் ஈரப் புடவையோடு முந்தானை ஏந்திக் காத்திருந்தார்கள். ஒரு பழம் என் தோளில் பட்டுத் தெறித்துப் பக்கத்திலிருந்த பெண்ணின் மடியில் விழுந்தது, அந்தப் பெண் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். எனக்கு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

இது ராத்திரி முழுக்கக் கண்விழிக்க முடியாதவர்களுக்கும் தோது, பல ஊர்களில் வெளிச்சம் இருக்கும்போதே மரம் ஏறிவிடுவார்கள். நேரத்தை மட்டும் கோவிலில் கேட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டாவதாக ஒரு நாள் கிடைத்தால் படுகளம். மண்ணால் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்துச் செய்திருப்பார்கள், ஒரு வீட்டு நீளத்துக்கு. பீமன் தொடையில் அடிப்பான், அங்கே ஒளித்து வைத்த சிவப்புத் தண்ணீர் பீறிடும், திரௌபதி கூந்தல் முடிவாள். அன்று சாயங்காலம் தீமிதி. படுகளம் முடிந்ததும் பெண்கள் அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்து முடிந்துகொண்டு போவார்கள். உங்கள் மனைவிக்கு வள்ளி திருமணத்தில் தர்க்கம் பிடிக்குமென்றால் இங்கே கோமாளி வேஷம் போடும் கட்டியங்காரனைப் பிடிக்கும். ராஜாவை வைத்துக்கொண்டே உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தைக் கிண்டல் செய்துவிட்டுப் போவான்.

கேள்வி: நோட்டீஸில் இரவு எட்டு மணி என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஏழே முக்காலுக்கே பாய் விரித்து உட்கார்ந்தோம். பத்தரை வரை மத்தளத்தைக்கூடக் காணோம். மைக்கில் சினிமாப் பாட்டு போட்டுக்கொண்டே இருந்தார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா? (குடியாத்தம் வாசகி)

அம்மா, நீங்கள் பாய் விரித்தது ஏமாந்ததாகாது, நல்ல இடம் பிடித்தீர்கள். எட்டு மணி என்பது ஊர்க்காரர்களுக்கு, "சாப்பாட்டை முடித்துவிட்டு வாருங்கள்" என்று அர்த்தம். நோட்டீஸில் பத்தரை என்று போட்டால் ஊர் பன்னிரண்டுக்கு வரும்.

அந்த இரண்டரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். பந்தலுக்குப் பின்னால் பள்ளிக்கூடத் திண்ணையிலோ யாருடைய வீட்டுத் தாழ்வாரத்திலோ ஜமா இருக்கும். ஜமாவை நடத்தும் வாத்தியாரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஓரமாக உட்கார்ந்தால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தேங்காய் எண்ணெயைத் தடவி, அதன்மேல் அரிதாரம் பூசி, கைக் கண்ணாடியைத் துடையில் சாய்த்து வைத்துக்கொண்டு அவரவர் முகத்தை அவரவரே எழுதிக்கொள்வார்கள். ராஜா வேஷக்காரருக்கு இடுப்பைச் சுற்றிப் பழைய புடவைகளை அடுக்கி அடுக்கிக் கட்டி, அதன்மேல் பாவாடை ஏற்றுவார்கள், சுற்றும்போது குடைபோல விரிய வேண்டுமே. அப்புறம் கட்டை. கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் கல்யாண முருங்கை மரம், கனம் இருக்காது, கண்ணாடிச் சில்லும் ஜிகினாவும் ஒட்டியிருக்கும். கிரீடம் கட்டுவதற்கு முன்னால் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அதுவரைக்கும் பீடி குடித்துக்கொண்டு பையனுடைய காலேஜ் பீஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மனிதர் அதற்குப் பிறகு யாரோடும் பேசுவதில்லை. நான் பார்த்த மட்டும் அப்படி.

களரி கட்டுகிறார்கள் என்றால் மத்தளம், தாளம், முகவீணை, ஆர்மோனியம் எல்லாம் சேர்ந்து ஒரு பாட்டம் வாசிப்பது. அது கேட்டதும் வீட்டிலிருந்து கிளம்பினால் போதும். இரண்டு பேர் திரை பிடிக்க, அதற்குப் பின்னாலிருந்து சலங்கையும் குரலும் மட்டும் முதலில் வரும். அந்த நேரத்துக்கு நீங்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், மற்றதெல்லாம் முன்னே பின்னே.

சினிமாப் பாட்டுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

கேள்வி: எங்கள் ஊரில் போன வருஷம் பத்து மணிக்கே மைக்கை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். விடிய விடிய ஆட வேண்டிய கூத்து. தேருக்கும் மாநாட்டுக்கும் மட்டும் சத்தம் போடலாமா? (ராணிப்பேட்டை அருகே ஒரு விழாக்குழு)

கோபம் நியாயம், ஆனால் நிறுத்தச் சொன்னவர் சொந்தமாகச் சட்டம் போடவில்லை. மத்திய அரசின் 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி ராத்திரி 10 மணியிலிருந்து காலை 6 மணி வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. திருவிழா போன்றவற்றுக்கு மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அதுவும் வருஷத்தில் மொத்தம் 15 நாளுக்கு மேல் போகக்கூடாது. கூத்து சூடு பிடிப்பதே பன்னிரண்டுக்கு மேல்தான் என்பது விதி எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை.

நடைமுறையில் என்ன செய்யலாம் என்றால், காப்புக் கட்டுவதற்கு முன்பே, நோட்டீஸ் அடித்த கையோடு, ஸ்டேஷனுக்கு எழுத்தில் மனு கொடுத்து வையுங்கள், எந்தெந்தத் தேதி, எந்த இடம் என்று. ஊர்க்கோடிக்குப் பார்த்துக் கட்டுகிற குழாயை அவிழ்த்துவிடுங்கள், அது கூத்துப் பார்க்கிறவருக்கு இல்லை, பார்க்க வராதவருக்கு. களரியைப் பார்த்து ஒரே ஒரு பாக்ஸ் வைத்தால் முன்னால் உட்கார்ந்திருக்கும் ஐந்நூறு பேருக்கும் தாராளம். நம் வாத்தியார்களின் குரல் மைக் வருவதற்கு முன்னால் பழகின குரல், அந்த உச்ச சுருதியே அதற்காகத்தான். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளையும் இதயநோய்க்காரரும் அதே தெருவில் இருக்கிறார்கள் என்பதும் உண்மைதானே. குறைந்த சத்தத்தில் கேட்ட கூத்துதான் எனக்கு இன்றைக்கும் காதில் நிற்கிறது, சலங்கை தனியாகக் கேட்டது.

கேள்வி: தாத்தா "நாடகம்" என்பார். பாடப்புத்தகத்தில் "தெருக்கூத்து". ஒரு கலைஞரைப் பேட்டி எடுக்கப் போனேன், "கட்டைக்கூத்து என்று எழுதும்மா" என்று கண்டிப்பாகச் சொன்னார். எதை எழுதுவது? (கலவை, கல்லூரி மாணவி)

அவரைப் பற்றி எழுதும்போது அவர் சொன்னதை எழுதுங்கள். கட்டை வேஷம் கட்டி ஆடுவதால் கட்டைக்கூத்து. "தெரு" என்ற சொல் தங்களை இறக்குகிறது என்று நினைக்கும் கலைஞர்கள் இருக்கிறார்கள். காஞ்சிபுரம் பக்கம் 1990இல் தொடங்கிய கட்டைக்கூத்துச் சங்கம் அந்தப் பெயரை ஊன்றிவிட்டது, 2002 முதல் 2020 வரை அவர்கள் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் வேஷம் கட்டக் கற்றுக்கொண்டார்கள். ஆண்களே திரௌபதியாக ஆடிப் பழகிய ஊரில் அது சின்ன விஷயமில்லை.

செய்யாறு பக்கத்துப் புரிசையில் தெருக்கூத்து என்ற பெயரையே பெருமையாக வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்க் கூத்து வாத்தியார் கண்ணப்ப தம்பிரான் பெயரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள், 1977இல் சென்னையில் கூத்துப்பட்டறை என்ற நாடகக் குழுவைத் தொடங்கிய ந. முத்துசாமி அவரிடமும் நடேச தம்பிரானிடமும் பார்த்ததைத்தான் நகரத்து நாடகக்காரர்களிடம் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். தம்பிரான் நினைவாகப் புரிசையில் விழா எடுத்து, கூத்தும் நவீன நாடகமும் ஒரே மேடையில் ராத்திரி முழுக்கப் போடுகிறார்கள், சென்னையிலிருந்து பஸ் பிடித்து வந்து பார்க்கிறார்கள். நீங்கள் கலவையில் இருந்துகொண்டு பார்க்காமல் இருந்தால் நான் என்ன சொல்வது. தாத்தாவிடம் மட்டும் நாடகம் என்றே சொல்லுங்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பரதநாட்டிய அரங்கேற்றம். அழைப்பிதழ் கல்யாணப் பத்திரிகை போல இருக்கிறது. எவ்வளவு நேரம் ஆகும், என்ன வாங்கிப் போவது, நடுவில் எழுந்து வரலாமா? (சத்துவாச்சாரி வாசகி)

இரண்டரை மூன்று மணி நேரத்துக்குத் தயாராகப் போங்கள். அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், அதற்கப்புறம் வர்ணம். வர்ணம்தான் மலை ஏறுகிற இடம், அதுவே முக்கால் மணி நேரம்கூடப் போகும். அந்தப் பெண் பத்து வருஷம் கற்றுக்கொண்டது எல்லாம் அதில்தான் தெரியும். அதன் நடுவில் எழுந்திருக்க வேண்டாம். வர்ணம் முடிந்ததும் உடை மாற்றப் போவாள், அப்போது வாழ்த்துரை என்று ஒரு மணி நேரம் பேசுவார்கள், நீங்கள் எழுந்து போய் காபி சாப்பிட்டுவிட்டு வந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. பதம், தில்லானாவுக்குத் திரும்பி வந்துவிடுங்கள்.

பரிசு என்ன வேண்டுமானாலும் கொடுங்கள், ஆனால் மேடையேறிக் கொடுக்க வரிசையில் நிற்காதீர்கள், மறுநாள் வீட்டில் கொடுங்கள். "உன் கால் எப்படி இருக்கு?" என்று கேளுங்கள். சிமெண்ட் தரையில் விரிப்புப் போட்டு ஆடவிடுகிற மண்டபம் இங்கே அதிகம்.

கேள்வி: எங்கள் வாலாஜாபேட்டைக்கும் சங்கீதத்துக்கும் ஏதோ சம்பந்தம் என்கிறார்களே, நிஜமா? (வாலாஜா, ஓய்வுபெற்ற ஆசிரியர்)

ஐயா, நீங்கள் பள்ளிக்கூடத்திலேயே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். வாலாஜாபேட்டை வெங்கடரமண பாகவதர் (1781–1874) தியாகராஜரின் நேரடிச் சீடர். சௌராஷ்டிர சமூகத்தவர், அய்யம்பேட்டையில் இருந்து திருவையாற்றுக்குப் போய்க் கற்றவர், பிறகு உங்கள் ஊரில் குடியேறினார். அவரும் அவர் மகன் கிருஷ்ணசாமி பாகவதரும் எழுதி வைத்த சுவடிகள் இல்லையென்றால் தியாகராஜர் கீர்த்தனைகளில் எத்தனை நம் கைக்கு வந்திருக்கும் என்று சொல்ல முடியாது. தியாகராஜரின் வாழ்க்கையை முதலில் எழுதி வைத்தவர்களும் அவர்கள்தான். கீர்த்தனைகள் இயற்றிய மைசூர் சதாசிவ ராவ் சங்கீதம் கற்றது வெங்கடரமண பாகவதரிடம். சென்னையில் மார்கழிக் கச்சேரிகளில் பாடுகிறவர்கள் ஒரு கீர்த்தனையைப் பாடும் முறையை "வாலாஜாபேட்டை பாடம்" என்று சொன்னால் உங்கள் ஊரைத்தான் சொல்கிறார்கள்.

தை மாதம் திருவையாற்றில் ஆராதனை நடக்கும் அதே பஞ்சமி அன்று உங்கள் ஊர்ப் பிள்ளைகள் நாலு பேரை உட்கார வைத்து ஒரு கீர்த்தனையாவது பாட வையுங்கள். மேடை வேண்டாம், ஃப்ளெக்ஸ் வேண்டவே வேண்டாம்.

கேள்வி: வேலூரில் உட்கார்ந்து நாடகம், கச்சேரி பார்க்க நல்ல அரங்கம் எது? (வேலூர், வேலப்பாடி வாசகர்)

வசதி எல்லாம் கல்லூரிகளில் இருக்கிறது. விஐடியில் அண்ணா அரங்கம், பாகாயத்தில் சிஎம்சி வளாகத்தில் ஸ்கடர் ஆடிட்டோரியம். ஆனால் வாசலில் செக்யூரிட்டி "யாரைப் பார்க்கணும்?" என்பார், "வயலினைப் பார்க்கணும்" என்றால் விடமாட்டார். விஐடியின் ரிவியரா விழா பெரும்பாலும் பிப்ரவரியில் வரும், அது மாணவர்களுக்கானது, உங்கள் வீட்டுப் பிள்ளை அங்கே படித்தால் கேட்டுப் பாருங்கள். பொதுமக்களுக்கு டவுன் ஹாலும் கல்யாண மண்டபங்களும்தான். குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் நேதாஜி ஸ்டேடியத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஆடுவதை யாரும் கலை நிகழ்ச்சிக் கணக்கில் சேர்ப்பதில்லை, வெயிலில் தொப்பி போட்டுக்கொண்டு போய்ப் பாருங்கள், சில வருஷம் சிலம்பம் பிரமாதமாக இருக்கும்.

மண்டபக் கச்சேரி பற்றி ஒரு எச்சரிக்கை. ஒருமுறை ஒரு மண்டபத்தில் வீணைக் கச்சேரி, நான் பின் வரிசை. ஆலாபனை நடக்கிறது, பின்பக்கம் சமையல்கட்டில் அண்டா கழுவுகிறார்கள். தகர ஷீட்டும் வழுவழுப் பளிங்குச் சுவரும் சேர்ந்து ஒவ்வொரு மீட்டலையும் மூன்று தடவை திருப்பி அனுப்பின. வைணிகர் ஒரு கட்டத்தில் வாசிப்பதை நிறுத்தி, எதிரொலி அடங்கட்டும் என்று காத்திருந்து, சிரித்துவிட்டுத் தொடர்ந்தார். அன்றிலிருந்து மண்டபத்தில் நான் முதல் மூன்று வரிசைக்குப் பின்னால் உட்காருவதில்லை. சமையல்கட்டு எந்தப் பக்கம் என்று முதலில் பார்த்துக்கொள்வேன்.

கேள்வி: அடுத்த இரண்டு மாதத்தில் குடும்பத்தோடு பார்க்க, கண்விழிக்காமல், செலவில்லாமல்? (அணைக்கட்டு வாசகி)

சித்ரா பௌர்ணமி ராத்திரி வேலூரில் பூப்பல்லக்கு. பல கோவில்களின் பல்லக்குகள் பூ அலங்காரத்தோடு வரிசையாக வரும், மேளமும் நாதஸ்வரமும் கூடவே. ஒரு மேளம் கடந்து போய் அடுத்த மேளம் வருவதற்குள் இருக்கும் இடைவெளியில் இரண்டும் கலந்து கேட்கும் பாருங்கள், அது ஒரு தனிக் கச்சேரி. வைகாசி முதல் தேதி குடியாத்தம் கெங்கையம்மன் சிரசு, அம்மனின் தலையை ஊர்வலமாக எடுத்துவரும் திருவிழா. காலையிலேயே போய்விடுங்கள், சிரசு ஊர்வலத்துக்கு முன்னால் போகும் சிலம்பம், புலியாட்டம், பம்பை எல்லாவற்றையும் மாடியிலிருந்து பார்க்க அங்கே ஒரு சொந்தக்காரர் வீடு இருந்தால் பாக்கியம், கீழே கூட்டம் லட்சக்கணக்கில். சின்னக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடுக்கூட்டத்தில் நுழைய வேண்டாம்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பையன்கள் இந்த வருஷம் கூத்து வேண்டாம், ஆடல் பாடல் வைக்கலாம் என்கிறார்கள். பெண்கள் உட்கார்ந்து பார்க்க முடியாத ஆட்டம் அது. எப்படிப் பேசிப் புரிய வைப்பது? (திமிரி வாசகி)

பேசிப் புரிய வைக்க முடியாது. ஆடுகிற பெண்களைத் திட்டவும் வேண்டாம், அதுவும் கூலி வேலைதான், அந்தப் பெண்களுக்கும் ராத்திரி பஸ் இல்லை. பையன்களிடமே கூத்துப் பொறுப்பைக் கொடுங்கள். பகாசுரன் வண்டி ஓட்ட ஆள் வேண்டும், தபசு மரம் நட ஆள் வேண்டும், மாடுபிடி சண்டைக்கு மாடு வேண்டும். நம் பக்கத்து ஊர் ஒன்றில் இதைத்தான் செய்தார்கள். மரம் நட்ட பையன்கள் மூன்று நாள் அதை விட்டு நகரவில்லை.

கேள்வி: கூத்து பார்த்தால் கலைஞர்களுக்குக் காசு கொடுக்கலாமா? அவர்களுக்கு அரசு உதவி ஏதாவது உண்டா? (ஆற்காடு வாசகர்)

தாராளமாக. கட்டியங்காரன் கையில் கொடுத்தால் உங்கள் பெயரை மைக்கில் சொல்லிப் பாட்டுக் கட்டிவிடுவான், கூச்சமாக இருந்தால் விடிந்ததும் வாத்தியாரிடம் கொடுங்கள், அது ஜமா முழுக்கப் பிரியும். பத்து பதினைந்து பேர் இருக்கிற ஜமா, வேன் வாடகை போக ஆளுக்கு வருவது கொஞ்சம்தான். ஆடிக்கு அப்புறம் பலர் நெசவுக்கும் கட்டட வேலைக்கும் போய்விடுவார்கள். நாட்டுப்புறக் கலைஞர்கள் நலவாரியம் 2007 முதல் இருக்கிறது, ஆனால் பதிவு செய்து அட்டை வைத்திருந்தால்தான் உதவி. உங்கள் ஊர்க் கலைஞர் யாரிடமாவது அட்டை இல்லையென்றால் விண்ணப்பம் நிரப்பிக் கொடுங்கள், அது ஐந்நூறு ரூபாய் கொடுப்பதைவிடப் பெரிசு.

பிள்ளையைக் கற்க வைக்க வேண்டும் என்று கேட்ட மற்ற மூன்று பேருக்கும் சேர்த்து: திருவண்ணாமலையிலும் காஞ்சிபுரத்திலும் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, மூன்று வருஷப் படிப்பு, பாட்டு, நாதஸ்வரம், தவில், பரதம் எல்லாம் உண்டு. சின்னப் பிள்ளை என்றால் ஜவகர் சிறுவர் மன்றத்தில் விசாரியுங்கள்.

கேள்வி: கூத்து விடியற்காலை முடிகிறது. பஸ்? (பெயரும் ஊரும் எழுதாதவர்)

ஐந்தரை ஆறுக்குப் பெரும்பாலும் பால் வண்டியோ முதல் டவுன் பஸ்ஸோ வரும். அதுவரை டீக்கடை திறந்திருக்கும், பாதி அரிதாரம் கலைந்த துரியோதனன் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பன் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். பேச்சுக் கொடுங்கள், அடுத்த ராத்திரி எந்த ஊர் என்று அவரே சொல்வார்.